கீரிப்பிள்ளை நுழையாத கூண்டு!

'நாட்டுக்கோழிக் குஞ்சுகளைக் கீரிப்பிள்ளை தூக்கிச் செல்கிறது. இரும்புக் கூண்டு செய்யும்போது எதைக் கவனிக்க வேண்டும்?'
– வாசகர், திண்டுக்கல் மாவட்டம்.

அறுகோணக் கோழிவலை, கோழியை உள்ளே வைக்கும், கீரியைத் தடுக்காது. ஆங்கிள் சட்டத்தில் அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ் அடிப்பதே பாதுகாப்பு. கவனம் தேவைப்படுவது கதவில்தான். சட்டத்தின் மீது படியும்படி, வெளிப்பக்கம் திறக்குமாறு கதவு இருக்கட்டும். கீல்களை முதலில் புள்ளி வைத்து, கதவை ஆட்டிப் பார்த்த பிறகே முழுமையாகப் பற்றவைக்க வேண்டும். இல்லையெனில், சூட்டில் சட்டம் வளைந்து கதவு சிக்கும். மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு கொண்டிகள் அவசியம். ஒரே கொண்டி என்றால், கீழ்மூலையைக் கீரி நெம்பிவிடும். பற்றவைத்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்து, துரு பிடிக்கும். அங்கே ப்ரைமர் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகே குஞ்சுகளை விட வேண்டும். இரண்டு கொண்டிகளையும் போட்டுவிட்டால், குஞ்சுகள் தப்பும்.