'போர்டு போயிடுச்சு' என்று தூக்கிப் போடும் முன்... ரௌட்டர் சொல்வதைக் கேளுங்கள்!

அப்டேட் போட்ட அடுத்த நிமிடம் ரௌட்டர் படுத்துவிட்டது. பவர் லைட் எரிகிறது, ஆனால் போனில் வைஃபை பெயர் வரவே இல்லை. ரீசெட் பட்டனை ஊசியால் குத்திக் குத்திக் கை வலித்ததுதான் மிச்சம். கடைக்காரர் திறந்துகூடப் பார்க்காமல், "போர்டு போயிடுச்சு, புதுசு வாங்கிடுங்க" என்கிறார். பல வீடுகளில் ரௌட்டரின் கதை இப்படித்தான் முடிகிறது.

லைட் எரிகிற ரௌட்டருக்கு உயிர் முழுசாகப் போயிருக்க வேண்டிய அவசியமில்லை. உள்ளே இருக்கும் சாஃப்ட்வேர் கிளம்பிப் பாதியில் நின்றிருக்கலாம். எங்கே நின்றது, ஏன் நின்றது என்பதை அது வரி வரியாகச் சொல்லிக்கொண்டும் இருக்கலாம். நமக்குத்தான் கேட்பதில்லை. அதைக் கேட்கும் வழியின் பெயர் சீரியல் கன்சோல். இந்த வாரம் அதைத்தான் பார்க்கப் போகிறோம். ஈயம் உருக்கிப் பத்த வைக்கும் வேலை எதுவும் கிடையாது. திரைக்கு உங்கள் ஆண்ட்ராய்டு போனே போதும்.

அந்த நான்கு துளைகள்

ரௌட்டரும் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர்தான். பிராசஸர், ராம், ஃபிளாஷ் மெமரி எல்லாம் உண்டு. பல மாடல்களில் உள்ளே ஓடுவது லினக்ஸ். திரையும் கீபோர்டும் மட்டும்தான் இல்லை. ஆனால், அதை வடிவமைக்கும் இன்ஜினீயருக்கும் தொழிற்சாலையில் சோதித்துப் பார்ப்பவருக்கும் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டுமே! அதற்காக போர்டில் விடப்பட்ட வாசல்தான் யூஆர்ட். பெரும்பாலும் வரிசையாக நான்கு துளைகள், அல்லது நான்கு சிறிய உலோகப் புள்ளிகளாக இருக்கும்.

விசிசி என்பது மின்சாரம். ஜிஎன்டி என்பது கிரவுண்ட். டிஎக்ஸ் ரௌட்டரின் வாய், ஆர்எக்ஸ் அதன் காது. சில போர்டுகளில் இந்தப் பெயர்கள் பக்கத்திலேயே அச்சாகியிருக்கும்.

எழுத்துகளை ஒற்றை ஒயரில் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் இந்த முறை, தந்தி காலத்து டெலிபிரின்டர்களிடமிருந்து வந்தது. இதன் வேகத்தைக் குறிக்கும் 'பாட்' என்ற சொல்லே, எமில் போடோ என்ற பிரெஞ்சுத் தந்திப் பொறியாளரின் பெயரிலிருந்து பிறந்ததுதான். ரௌட்டர்களில் அதிகம் பார்க்கும் வேகம் 115200. ஓர் எழுத்துக்கு 10 பிட் வீதம் கணக்குப் போட்டால், நொடிக்கு 11,520 எழுத்துகள்.

ரௌட்டரைத் திறந்து பார்க்கும் ஆர்வத்துக்கு ஒரு பழைய கதையும் உண்டு. லிங்க்ஸிஸ் நிறுவனம் 2002-ன் இறுதியில் கொண்டுவந்த டபிள்யூஆர்டி54ஜி என்ற ரௌட்டருக்குள் லினக்ஸ் இருப்பதை 2003-ல் ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். லினக்ஸின் உரிம விதிப்படி அதன் மூல நிரலை நிறுவனம் வெளியிட வேண்டியதாயிற்று. அதிலிருந்து 2004-ல் தொடங்கியதுதான் 'ஓப்பன்டபிள்யூஆர்டி' என்ற இலவச சாஃப்ட்வேர். பெயரின் பின்பாதி அந்த மாடலுடையது. இன்று ஏராளமான மாடல்களுக்கு எந்தத் துளை எது, என்ன வேகம் என்ற விவரங்களை அந்தத் திட்டத்தின் இணையதளத்திலேயே பார்க்கலாம். தேடும்போது மாடல் எண்ணோடு, அடியில் ஸ்டிக்கரில் இருக்கும் வெர்ஷன் எண்ணையும் சேர்த்துத் தேடுங்கள். ஒரே பெயரில் வரும் இரண்டு வெர்ஷன்களுக்குள் போர்டே வேறாக இருக்கலாம்.

திறக்கும் முன் நான்கு விஷயம்

முதலில் அடாப்டர். பழைய அடாப்டர் பலம் இழந்தாலும் ரௌட்டர் மறுபடி மறுபடி ஆஃப் ஆகி ஆன் ஆகும். அதே வோல்ட், அதே அளவோ கூடுதலோ ஆம்பியர் உள்ள வேறு அடாப்டரை மாட்டிப் பாருங்கள். பின் முனையின் பிளஸ், மைனஸ் அமைப்பும் ஒன்றாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, ரெக்கவரி வசதி. உதாரணமாக, நம் ஊர் வீடுகளில் அதிகம் புழங்கிய டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஆர்841என் மாடலின் 8, 9-ம் வெர்ஷன்களில், ரீசெட் பட்டனை அழுத்திக்கொண்டே பவரை ஆன் செய்தால், 192.168.0.66 என்ற முகவரியில் இருக்கும் கம்ப்யூட்டரிடம் தனக்கான ஃபைலைத் தானே கேட்டு வாங்கிக்கொள்ளும். இப்படி ஒரு வசதி உங்கள் மாடலில் இருந்தால் ஸ்க்ரூ டிரைவரே தேவையில்லை.

மூன்றாவது, அது யாருடைய பொருள்? இன்டர்நெட் கம்பெனி கொடுத்து வைத்திருக்கும் பெட்டி என்றால் கை வைக்காதீர்கள், அது அவர்களுடையது. வாரன்டி இருந்தாலும் திறக்க வேண்டாம்.

நான்காவது, பாதுகாப்பு. வெளியே தனி அடாப்டர் உள்ள ரௌட்டர் என்றால் உள்ளே வருவது பெரும்பாலும் 9 அல்லது 12 வோல்ட்தான். சுவர் பிளக்கிலிருந்து 230 வோல்ட் நேராக உள்ளே போகும் எந்தக் கருவியையும் திறக்கக் கூடாது. ஃபைபர் ஒயரின் முனையை ஒருபோதும் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்காதீர்கள். அதில் வரும் லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. பிள்ளைகள் ஆசைப்பட்டால் பெரியவர்கள் பக்கத்தில் இருந்து செய்யட்டும்.

என்ன வாங்க வேண்டும்?

யூஎஸ்பி-டிடிஎல் அடாப்டர் ஒன்று. சிபி2102, சிஎச்340 போன்ற சிப் உள்ளவை சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். சென்னை என்றால் ரிச்சி தெருவில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். கூடவே சில ஜம்பர் ஒயர்கள், ஒரு சாதாரண மல்ட்டிமீட்டர், போனில் மாட்ட ஓடிஜி கனெக்டர். அவ்வளவுதான்.

அடாப்டர் 3.3 வோல்ட்டில் இயங்க வேண்டும் என்பது முக்கியம். 5 வோல்ட் போனால் ரௌட்டரின் சிப் வீணாகலாம். சில மலிவு அடாப்டர்களில் 3.3 என்று மாற்றி வைத்தாலும், டிஎக்ஸ் முனையில் 5 வோல்ட்டே வரும். அதனால் முதலில் அடாப்டரை மட்டும் யூஎஸ்பியில் செருகி, அதன் ஜிஎன்டி, டிஎக்ஸ் முனைகளுக்கு இடையே அளந்து பார்த்துவிடுங்கள். பழைய கம்ப்யூட்டரின் பின்னால் இருக்கும் 9 பின் சீரியல் போர்ட்டை நேராக இணைக்கவே கூடாது. அதில் இன்னும் அதிக வோல்ட் வரும்.

எது எந்தத் துளை?

போர்டில் பெயர் இல்லையென்றால் மல்ட்டிமீட்டர் சொல்லும். பவரை ஆஃப் செய்து, மீட்டரை 'பீப்' சத்தம் வரும் நிலையில் வையுங்கள். ஒரு முனையை அடாப்டர் ஜாக்கின் மைனஸில் வைத்து, மற்றதால் துளைகளைத் தொடுங்கள். எங்கே சத்தம் வருகிறதோ அது ஜிஎன்டி.

இனி பவரை ஆன் செய்து, டிசி வோல்ட்டில் அளக்க வேண்டும். அசையாமல் 3.3 காட்டுவது விசிசி. ஆன் செய்த முதல் சில நொடிகளில் எண் ஏறி இறங்கித் தடுமாறி, பிறகு 3.3-ல் நிலைப்பது டிஎக்ஸ். அந்தத் தடுமாற்றம்தான் ரௌட்டர் பேசுவதன் அடையாளம். மிஞ்சியது ஆர்எக்ஸ். அளக்கும்போது மீட்டரின் முனை பக்கத்துத் துளையையும் சேர்த்துத் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டிஎக்ஸில் 1.8 வோல்ட்தான் வருகிறது என்றால், உங்கள் 3.3 அடாப்டர் அதற்குப் பொருந்தாது. அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

ஈயம் இல்லாமல் பிடிப்பது எப்படி?

பலரும் பின்வாங்குவது இந்த இடத்தில்தான். உண்மையில் இணைக்க வேண்டியவை மூன்றே முனைகள். விசிசியைத் தொடவே வேண்டாம், ரௌட்டருக்கு மின்சாரம் அதன் அடாப்டரிலிருந்தே வரட்டும். ரௌட்டர் சொல்வதைக் கேட்க மட்டும்தான் என்றால் ஜிஎன்டி, டிஎக்ஸ் என இரண்டு ஒயரே போதும்.

போர்டில் ஏற்கெனவே பின்கள் நீட்டிக்கொண்டிருந்தால் வேலை சுலபம். ஜம்பர் ஒயரை அப்படியே செருகிவிடலாம். வெறும் துளைகள் என்றால், நான்கு பின் உள்ள ஹெடர் துண்டைத் துளைகளில் விட்டு, கொஞ்சம் சாய்த்து, ரப்பர் பேண்டால் இழுத்துக் கட்டுங்கள். துளையின் உள்சுவரில் உலோகப் பூச்சு இருப்பதால், பின் சாய்ந்து சுவரைத் தொட்டாலே இணைப்பு கிடைத்துவிடும்.

துளைக்குள் ஈயம் அடைத்திருந்தாலோ, வெறும் புள்ளிகள் மட்டும் இருந்தாலோ 'போகோ பின்' கிளிப் வாங்குங்கள். துணி காயப்போடும் கிளிப் போலவே இருக்கும். அதன் வாயில் ஸ்பிரிங் வைத்த ஊசிகள், போர்டைக் கவ்வினால் புள்ளிகளில் அழுந்தி நிற்கும். 2.54 மில்லிமீட்டர் இடைவெளி உள்ளதுதான் அதிகம் பயன்படும். ஆனாலும் வாங்கும் முன் ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள்.

ஒயரை எப்போதும் மாற்றி இணைக்க வேண்டும். ரௌட்டரின் வாய் அடாப்டரின் காதுக்கு, அடாப்டரின் வாய் ரௌட்டரின் காதுக்கு. ஜிஎன்டி மட்டும் ஜிஎன்டிக்கே.

போனில் கேட்கலாம்

பிளே ஸ்டோரில் யூஎஸ்பி சீரியல் டெர்மினல் ஆப்கள் இருக்கின்றன. ஒன்றை இறக்கி, வேகத்தை 115200 என வையுங்கள். அடாப்டரை ஓடிஜி வழியாக போனில் மாட்டிய பிறகு ரௌட்டரை ஆன் செய்யுங்கள். திரையில் வரிகள் ஓடத் தொடங்கும்.

கட்டம் கட்டமாக, கேள்விக்குறியாகக் குப்பை வந்தால் சோர்ந்துவிடாதீர்கள். ஒயர் சரியாக இருக்கிறது, வேகம்தான் பொருந்தவில்லை என்று அர்த்தம். 57600, 38400, 9600 என்று மாற்றிப் பாருங்கள். எதுவுமே வரவில்லை என்றால் பின் சரியாகத் தொடுகிறதா, டிஎக்ஸ் ஒயர் சரியான இடத்துக்குப் போகிறதா என்று பாருங்கள். ரௌட்டர் பேசுகிறது, நாம் தட்டுவதை மட்டும் கேட்கவில்லை என்றால், ஆர்எக்ஸ் தடத்தில் இருக்க வேண்டிய குட்டி ரெசிஸ்டரைத் தயாரிப்பாளரே பொருத்தாமல் விட்டிருக்கலாம். சில மாடல்களில் அப்படி உண்டு. அதற்கு மட்டும் சால்டரிங் தெரிந்தவரிடம் போக வேண்டியிருக்கும்.

அது என்ன சொல்கிறது?

முதலில் வருவது 'பூட்லோடர்' எனப்படும் சின்ன புரோகிராம். பல ரௌட்டர்களில் அதன் பெயர் யூ-பூட். லினக்ஸை எழுப்பிவிடுவது அதன் வேலை. இது வந்த பிறகு 'பேட் மேஜிக் நம்பர்' என்றோ 'சிஆர்சி எரர்' என்றோ ஒரு வரி வந்து நின்றால், போர்டு உயிரோடுதான் இருக்கிறது. அப்டேட் ஃபைல்தான் அரைகுறையாகப் பதிந்திருக்கிறது. திரும்பப் பதிந்தால் எழுந்துவிட வாய்ப்பு உண்டு. ஒவ்வொரு முறையும் ஒரே இடம்வரை வந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கினால், அடாப்டர் மீதும் சாஃப்ட்வேர் மீதும் சந்தேகப்படலாம். மின்சாரம் சரியாக இருந்து, எந்த வேகத்திலும் ஒரு வரிகூட வரவில்லை என்றால் பூட்லோடரே அழிந்திருக்கலாம், அல்லது சிப் போயிருக்கலாம். கடைக்காரர் சொன்னது அப்போது உண்மையாகிவிடும்.

திரும்பப் பதிவதற்கு பூட்லோடரை நடுவில் நிறுத்த வேண்டும். மேலே சொன்ன 841என் மாடலின் பல வெர்ஷன்களில் 'ஆட்டோபூட்டிங்' என்ற வரி வரும் ஒரு நொடிக்குள், ஆங்கிலத்தில் டி, பி, எல் என்ற மூன்று சிறிய எழுத்துகளை அனுப்பினால் நின்றுவிடும். ஆப்பில் முன்பே டைப் செய்து வைத்து, வரி வந்ததும் 'சென்ட்' தட்டுவது எளிது.

இதற்கு மேல் லேப்டாப்பும் லேன் கேபிளும் வேண்டும். உங்கள் மாடல், உங்கள் வெர்ஷனுக்கு உரிய கட்டளைகளை மட்டுமே பயன்படுத்துங்கள். ஃபிளாஷை அழிக்கும் கட்டளையில் ஒரே ஓர் எண் பிசகினாலும் பூட்லோடரே அழிந்துபோகும். பிறகு இந்த வழியும் அடைபட்டுவிடும். சந்தேகம் இருந்தால் கேட்பதோடு நிறுத்திக்கொண்டு, திரையில் வந்த வரிகளை சேவ் செய்து விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். "ஆன் ஆகல" என்று சொல்வதைவிட அந்த வரிகள் அவருக்குப் பல மடங்கு உதவும்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு

இவ்வளவு சுலபமாக உங்கள் ரௌட்டரை நீங்கள் கேட்க முடிகிறது என்றால், அது யார் கைக்குப் போகிறதோ அவராலும் முடியும். சில மாடல்களில் இந்த வாசல் பாஸ்வேர்டு கேட்காமலே உள்ளே விடும். உங்கள் வைஃபை பாஸ்வேர்டு, இன்டர்நெட் கணக்கின் பெயர் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. பழைய ரௌட்டரை விற்கும் முன், காயலான் கடைக்குப் போடும் முன், ஃபேக்டரி ரீசெட் செய்துவிடுங்கள். அது முடியாத நிலையில் இருந்தால், வீட்டு வைஃபையின் பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள். வரிகளை யாருக்காவது அனுப்பும்போதும் பாஸ்வேர்டு இருக்கும் இடங்களை அழித்துவிட்டு அனுப்புங்கள்.

சரிசெய்யவே முடியாத ரௌட்டரைக் குப்பைத் தொட்டியில் போடாமல், மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். ஆனால் அதற்கு முன், ஒரு கிளிப்பும் உங்கள் போனும் கொண்டு அரைமணி நேரம் அதைப் பேசவிட்டுப் பாருங்கள். எழுந்தால் புது ரௌட்டரின் காசு மிச்சம். எழாவிட்டாலும், 'போர்டு போயிடுச்சு' என்பது நீங்களே கேட்டுத் தெரிந்துகொண்ட பதிலாக இருக்கும்.

அடுத்த வாரம் சந்திப்போம்!