விதைத்தவர் மீதே பழியா?

தர்பூசணிக் கொடியின் அடித்தண்டு நீளவாக்கில் வெடிக்கிறது. வெடிப்பிலிருந்து தேன் நிறத்தில் பிசின் கசிகிறது. இலைகள் ஓரத்தில் காயத் தொடங்கி உள்நோக்கிக் கருகுகின்றன. கருகிய இலையைப் பறித்து வெயிலுக்கு எதிரே பிடித்தால் ஊசிமுனை அளவில் கரும்புள்ளிகள் தெரியும். அவை பூஞ்சையின் வித்துப் பைகள். பிசின் தண்டு கருகல் என்று வேளாண் நூல்கள் சொல்லும் நோய் இது. காய் பிடித்து எடை ஏறுகிற நேரத்தில்தான் பெரும்பாலும் கண்ணில் படுகிறது. அதற்குள் நாற்றுக்கும், மல்ச்சிங் ஷீட்டுக்கும், சொட்டுநீர்க் குழாய்க்கும், உரத்துக்கும் போடவேண்டிய பணத்தையெல்லாம் விவசாயி போட்டு முடித்திருப்பார்.

அதன் பிறகு நடப்பது, விழுப்புரம், செங்கல்பட்டு, திருவண்ணாமலை என்று தர்பூசணி போடும் எந்த மாவட்டத்து விவசாயிக்கும் மனப்பாடமான உரையாடல். "விதை சரியில்லைங்க" என்பார் விவசாயி. "போன வருஷமும் இதே நிலத்துலதானே போட்டீங்க? மண்ணுல இருந்த நோயா இருக்கும்" என்பார் கம்பெனி ஆள். "தண்ணி ஜாஸ்தி விட்டிருப்பீங்கண்ணே, இந்த வருஷம் பனியும் ஓவரு" என்பார் கடைக்காரர். நர்சரிக்காரர் போனை எடுக்க மாட்டார். கடைசியில் பழி, கொடி நிற்கிற நிலத்துக்காரர் தலையில் வந்து விழும். கடனும் அவர் தலையில்தான்.

விதை நோயைச் சுமக்குமா என்ற கேள்விக்கு விடை தெரியாமல் யாரும் தவிக்கவில்லை. கோபன்ஹேகனில் வளரும் நாடுகளுக்காக டென்மார்க் அரசு நடத்திய விதை நோயியல் நிலையத்தின் ஆய்வாளர்கள், வெள்ளரி, பூசணி விதைகளைப் பிரித்துப் பார்த்து 1984லேயே பதில் சொல்லிவிட்டார்கள். பிசின் தண்டு கருகல் பூஞ்சை விதையின் மேல்தோலில் மட்டும் ஒட்டிக்கொண்டு வருவதில்லை, விதையிலைக்குள்ளும் இருக்கிறது, முளைத்த நாற்றுக்கும் போய்ச் சேருகிறது. விதைக்குச் சிவப்புச் சாயமும் மருந்தும் பூசிவிட்டோம் என்று சொல்லித் தப்பிக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. மேலே பூசும் மருந்து மேலே இருப்பதைக் கொல்லும். உள்ளே இருப்பதை அது முழுதாகத் தொடாது.

நோய்க்கெல்லாம் விதைதான் காரணம் என்று சொல்லவில்லை. கொடியின் இலைமேல் மாவு தூவியதுபோல் வரும் சாம்பல் நோய், உயிருள்ள செடியில் மட்டும் வாழ்ந்து காற்றில் பரவுவது. அதற்கு விதைக் கம்பெனியைத் திட்டுவது வீண். அடிச்சாம்பல் நோய் விதையில் வராது என்று நெடுங்காலம் நம்பினோம். 2014ல் இஸ்ரேல் ஆய்வாளர்கள் விதை வழியாகவும் அது கடக்கிறது என்று காட்டினார்கள். பிசின் தண்டு கருகலும்கூட, போன பருவத்துக் கொடியை அள்ளாமல் நிலத்திலேயே விட்டால் அந்தச் சருகிலிருந்து ஒரு வருடத்துக்கு மேலும் எழுந்து வரக்கூடியது. தர்பூசணி வெட்டிய நிலத்தில் அடுத்தும் தர்பூசணி, அதற்கடுத்து வெள்ளரி என்று போடுகிறவர் தன் பங்குக்குத் தவறு செய்கிறார். இரண்டு வருடமாவது பயிரை மாற்றுங்கள் என்று வேளாண் அலுவலர் சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். நிலம் குத்தகை, குத்தகை ஒரு வருடம் என்றால் எங்கே மாற்றுவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான், ஆனால் பூஞ்சைக்குக் குத்தகைக் கணக்கு தெரியாது.

ஆக நோய் வரும் வழிகள் பல. அந்தப் பன்மைதான் விற்பவருக்கு ஒளிந்துகொள்ள இடம் கொடுக்கிறது. மண்ணில் வந்ததா, காற்றில் வந்ததா, விதையில் வந்ததா என்று நிரூபிக்கும் சுமையை, நிரூபிக்கவே வழியில்லாதவர் மேல் ஏற்றிவிட்டு நகர்ந்துவிட முடிகிறது. இந்தத் தலையங்கத்தின் வழக்கு அந்த நகர்தலின் மேல்தான்.

விதை யார் கையில் எவ்வளவு நாள் இருக்கிறது என்று பாருங்கள். உற்பத்தி செய்யும் கம்பெனியின் கிடங்கில் மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் இருக்கிறது. நர்சரியின் குழித்தட்டில் 12 முதல் 15 நாள். விவசாயி கையில் அது விதையாக இருப்பது, நேரடியாக ஊன்றினால், ஒரு காலை நேரம். நாற்றாக வாங்குகிறவர் விதையைப் பார்ப்பதே இல்லை. யார் கையில் நீண்ட காலம் இருந்ததோ அவரிடம்தான் ஆய்வகம் இருக்கிறது, லாட் எண் இருக்கிறது, எந்த வயலில் எந்தப் பருவத்தில் விளைந்தது என்ற பதிவேடு இருக்கிறது. சோதிக்கக்கூடிய ஒரே ஆள் சோதிக்காமல் விற்றுவிட்டு, சோதிக்கவே முடியாத ஆளிடம் ஆதாரம் கேட்பதை வியாபார சாமர்த்தியம் என்று சிலர் சொல்லலாம். நாம் அதை அநீதி என்கிறோம்.

சோதனை ஒன்றும் விண்வெளி விஞ்ஞானமில்லை. ஈரத் தாளில் விதைகளை அடுக்கி, 20 டிகிரி சுமாருக்கு வைத்து, 12 மணி நேரம் புற ஊதா சார்ந்த வெளிச்சம், 12 மணி நேரம் இருட்டு என்று ஒரு வாரம் விட்டு, நுண்ணோக்கியில் பார்ப்பதுதான் பழைய முறை. மூலக்கூறு முறைகள் இன்று இதைவிட வேகமானவை. சிக்கல் எண்ணிக்கையில் இருக்கிறது. முளைப்புத்திறன் சோதனைக்குச் சர்வதேச வழக்கம் 400 விதை. ஆயிரத்தில் ஒரு விதையில் நோய் இருக்கும் லாட்டை எடுத்து 400 விதை மட்டும் சோதித்தால், மூன்றில் இரண்டு முறை அந்த நோய் அகப்படாமல் தப்பிவிடும். 95 சதவீத உறுதியோடு பிடிக்க வேண்டுமானால் 3,000 விதை பார்க்க வேண்டும். பத்தாயிரத்தில் ஒன்று என்றால் 30,000. "சோதித்தோம், நோய் இல்லை" என்று ஒரு கம்பெனி சொன்னால் அடுத்து கேட்கவேண்டிய கேள்வி, "எத்தனை விதை சோதித்தீர்கள்?" என்பதுதான்.

ஆயிரத்தில் ஒன்று ஒரு பொருட்டா என்று தோன்றும். ஏக்கருக்கு ஐயாயிரம் நாற்று என்று வைத்தால் ஐந்தே ஐந்து. அந்த ஐந்தும் வெவ்வேறு நிலத்தில் தனியாக முளைத்தால் பெரிய சேதமில்லை. ஆனால் இன்று நாற்று முளைப்பது 98 குழி கொண்ட தட்டில், இலையோடு இலை உரசும் நெருக்கத்தில், நிழல்வலைக் கூடாரத்தின் ஈரக் காற்றில். மேலிருந்து தண்ணீர் தெளிக்கிறார்கள். நோயுற்ற ஒரு விதையிலையில் பழுப்புப் புள்ளி விழுந்தால், தெளிக்கிற தண்ணீரே வித்துகளை அக்கம்பக்கத்து நாற்றுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. வேன் ஏறி வயலுக்குப் போகும்போது பெரும்பாலான நாற்றுகள் பச்சையாகத்தான் இருக்கும். புள்ளி விழுந்த நாற்றைக் கிள்ளி எறிந்துவிட்டு மீதித் தட்டை விற்கும் நர்சரிகளுக்கும் இந்தப் பாவத்தில் பங்கு உண்டு. புள்ளி கண்ட தட்டையும் அதன் அக்கம்பக்கத்துத் தட்டுகளையும் அழிக்க வேண்டும். அழித்தால் நட்டம்தான். அந்த நட்டத்தை விவசாயியின் வயலுக்கு மாற்றி அனுப்புவதற்குப் பெயர் தொழில் இல்லை.

வாடல் நோய் இதைவிடக் கொடியது. ஃபியூசேரியம் பூஞ்சை விதையில் சிறு அளவில் வந்தாலும், ஒருமுறை மண்ணில் இறங்கிவிட்டால் பத்து வருடத்துக்கு மேலும் அங்கே குடியிருக்கும். அமெரிக்காவில் எர்வின் ஸ்மித் 1894ல் தர்பூசணி வாடலை விவரித்தபோதே தெற்கு மாநிலங்களின் விவசாயிகள் நிலம் மாற்றி நிலம் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஜப்பானியர் 1920களின் இறுதியில் வேறொரு வழி கண்டார்கள். மண்ணில் வாடல் இருந்தால், வாடாத பூசணியின் வேரில், பிறகு சுரைக்காய் வேரில், தர்பூசணியை ஒட்டுக்கட்டினார்கள். பலன் கிடைத்தது. பிற்பாடு சுரைக்கே உரிய ஒரு வாடல் கிளம்பியது. எங்கிருந்து என்று தேடியவர்கள் கடைசியில் சுரை விதையில் போய் நின்றார்கள். நோய்க்குத் தப்ப வாங்கிய வேரின் விதையிலேயே நோய்! குனியாசு என்ற ஆய்வாளர் இதை நிறுவி, சுரை விதையை 75 டிகிரி உலர் வெப்பத்தில் 7 நாள் வைத்தால் பூஞ்சை ஒழிகிறது என்றும் காட்டினார். அந்த வெப்பப் பெட்டி விதை உற்பத்தி செய்கிறவரிடம்தான் இருக்க முடியும். வயலில் நிற்கிறவரிடம் இருக்காது. ஒட்டு நாற்று நம் ஊரிலும் கடை விரிக்கத் தொடங்கிவிட்ட காலத்தில் இந்த ஜப்பானியப் பாடத்தை நர்சரிகள் மட்டுமின்றி அரசும் படிக்க வேண்டும்.

நம் சட்டம் என்ன சொல்கிறது? 1966ஆம் ஆண்டின் விதைச் சட்டம் முளைப்புத்திறனுக்கும் தூய்மைக்கும் குறைந்தபட்ச அளவு வைக்கச் சொல்கிறது. பையின் மேல் பயிர், ரகம், லாட் எண், சோதித்த தேதி, முளைப்பு சதவீதம், தூய்மை, மருந்து பூசியிருந்தால் அதன் பெயர் ஆகியவை இருக்க வேண்டும். உள்ளே நோய் உண்டா, எந்த நோய்க்குச் சோதித்தீர்கள் என்ற வரிக்கு அந்த அட்டையில் கட்டாய இடமில்லை. தனியார் வீரிய ரகங்கள் பெரும்பாலும் 'உண்மை நிலை விதை' என்ற பெயரில் விற்பனையாகின்றன. உண்மையின் ஒரு பாதியை மட்டும் சொல்ல வைக்கும் அட்டைக்கு அந்தப் பெயர் கொஞ்சம் அதிகம்தான்.

தண்டனையைக் கேட்டால் சிரிப்பு வரும். முதல் குற்றத்துக்கு அபராதம் 500 ரூபாய் வரை. திரும்பச் செய்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வீரியத் தர்பூசணி விதையின் ஒரு சிறு பாக்கெட்டே 500 ரூபாய்க்கு மேல் விற்கிறது. விதை ஆய்வாளர் எடுத்த மாதிரிக்கு ஆய்வகம் 60 நாளுக்குள் அறிக்கை தர வேண்டும் என்கிறது 1983ஆம் ஆண்டின் விதைக் கட்டுப்பாட்டு ஆணை. தர்பூசணியோ ஏறத்தாழ 70 நாளில் வெட்டுக்கு வரும் பயிர். அறிக்கை வரும்போது வயலில் சருகு இருக்கும். 2004ல் மாநிலங்களவைக்கு வந்த விதை மசோதா சட்டமாகவே இல்லை. 2025 நவம்பரில் மத்திய வேளாண் அமைச்சகம் மற்றொரு வரைவை வெளியிட்டது. அபராதத்தை லட்சங்களுக்கு உயர்த்துவது நல்லதே. எதற்கு அபராதம் என்ற பட்டியலில் நோய் சுமக்கும் விதை தெளிவாக எழுதப்படாவிட்டால் அந்த லட்சங்கள் அலங்காரம்.

நீதிமன்றம் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். தேசிய விதைக் கழகத்தின் மேல்முறையீட்டில் 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோரே, அவர் நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாம் என்று தீர்ப்பளித்தது. சோதனைக்கென்று விதையை எடுத்து ஒதுக்கி வைத்திருக்கும்படி விவசாயியிடம் எதிர்பார்க்க முடியாது என்ற நியாயத்தையும் ஏற்றுக்கொண்டது. 2001ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்திலும், சொன்னபடி விளையாத பதிவு பெற்ற ரகத்துக்கு இழப்பீடு கேட்க இடமுண்டு. உரிமை தாளில் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு படியேறும் விவசாயிகள் சிலரே.

நாம் கேட்பது நடக்காத காரியமும் அல்ல. 1989ல் ஃப்ளோரிடா, தென் கரோலினா, இந்தியானா மாநிலங்களில் தர்பூசணியைப் பழக்கறை என்ற பாக்டீரியா நோய் தாக்கியது. பூஞ்சை இல்லையென்றாலும் விதையில் வருவதுதான். விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். சில கம்பெனிகள் சில மாநிலங்களுக்கு விதை விற்பதையே நிறுத்தின. பொறுப்பு கேட்க மாட்டோம் என்று கையெழுத்துப் போட்டால்தான் விதை என்றன. அந்த வெட்கக்கேடான கட்டத்தைத் தாண்டிய பிறகு, ஒவ்வொரு லாட்டிலும் பல்லாயிரம் விதையை முளைக்க வைத்துப் பார்ப்பது வழக்கமானது. நல்ல புத்தி வருவதற்கு வழக்கு தேவைப்பட்டது. நம் நாட்டில் அந்த வழக்குக்குக் காத்திருக்க வேண்டிய அவசியம் என்ன?

2025 கோடையில் தர்பூசணியில் சாயம் ஏற்றுகிறார்கள் என்ற பேச்சு பரவி, வயலில் பழம் கேட்பாரற்றுக் கிடந்ததை மறந்திருக்க மாட்டோம். வாங்கித் தின்னும் பழத்தின் மேல் ஊருக்கு இருந்த சந்தேகத்தில் நூறில் ஒரு பங்கு, விதைப் பையின் மேல் அரசுக்கு இருந்திருந்தால் போதும்.

தீர்ப்பு இதுதான். விதையில் வரும் என்று நிறுவப்பட்ட நோய்களுக்குச் சோதிக்காமல் கொடிக்காய்கறி விதையை விற்பது குற்றமாக வேண்டும். எந்த நோய்க்கு, எத்தனை விதை, என்ன முடிவு என்பது பையின் மேல் தமிழில் அச்சாக வேண்டும். லாட்டில் நோய் இல்லை என்று காட்டவேண்டியவர் விற்றவரே. இருந்தது என்று காட்டவேண்டிய கடமை விவசாயிக்கு இல்லை. விதைச் சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறை, டிசம்பர் விதைப்புக்கு முன்பே கடைகளிலும் நர்சரிகளிலும் மாதிரி எடுத்து, நோய்ச் சோதனை முடிவை லாட் எண்ணோடு வெளியிட வேண்டும்.

இது நடக்கும் வரை விவசாயிகளுக்கு ஒரு வேண்டுகோள். காலி விதைப் பையையும் பில்லையும் அறுவடை முடியும் வரை தூக்கி எறியாதீர்கள். பில்லில் லாட் எண்ணை எழுதச் சொல்லுங்கள். நாற்றாக வாங்கினால் எந்தக் கம்பெனி, எந்த லாட் விதை என்று எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுக்கும் நர்சரியில் ஒரு தட்டு நாற்றுகூட வாங்காதீர்கள்.