சிறுமீனுக்கு எந்தக் கோல்?

ஜோகூர் பாருவிலும் குளுவாங்கிலும் உள்ள தூண்டிற் கடைகளில், முப்பது நாற்பது வெள்ளிக்குக் கிடைக்கும் கண்ணாடியிழைக் கோலும் ஆயிரம் வெள்ளியைத் தாண்டிவிட்ட ஜப்பானியக் கார்பன் கோலும் ஒரே சட்டத்தில் அடுத்தடுத்து நிற்பதைக் காணலாம். வாழ்நாளெல்லாம் தோட்டத்தில் உழைத்து, வெட்டிச் சீவிய மூங்கிலையே நம்பித் தூண்டில் போட்டுவிட்டு, ஓய்வுக்காலத்தில் பிள்ளைகள் தரும் பணத்தோடு அந்தச் சட்டத்தின் முன்னே வந்து நிற்கும் பெரியவர்களுக்கு ஒரே சந்தேகம்தான் எழுகிறது: செப்பாட்டும் புயுவும் திலாப்பியாவும் பிடிக்கிற நமக்கு இந்த விலையுயர்ந்த கோலால் பிரயோஜனம் உண்டா? உழைத்துச் சேர்த்த பணத்தைப் பற்றிய கேள்வியாதலால், இதை அற்ப விஷயமென்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

முதலில் மீன்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். லாயாங்-லாயாங், ரெங்கம், கூலாய் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களின் வாய்க்கால்களிலும், பொந்தியான், பத்து பகாட் கரையோரத்துப் பாரிட் எனும் வடிகால்களிலும் தேங்கி நிற்கும் கறுத்த நீரில் பிராணவாயு மிகக் குறைவு. தமிழ்நாட்டார் பனையேறிக் கெண்டை என்று அழைக்கும் புயுவும் அதன் உறவினமாகிய செப்பாட்டும், நீர்மட்டத்துக்கு மேலே வந்து காற்றையே உள்ளிழுத்துச் சுவாசிக்கும் விசேஷ உறுப்பைப் பெற்றிருப்பதால்தான் அங்கே உயிர் வாழ்கின்றன. திலாப்பியாவோ ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் ஜாவாவிலிருந்து கொண்டுவரப்பட்டு, இந்த மண்ணையே சொந்த ஊராக்கிக்கொண்ட மீன். இவற்றில் பெரும்பாலானவை உள்ளங்கையளவுதான் இருக்கும். எவ்வளவு மலிவான கோலையும் முறித்துப் போடும் பலம் இவற்றுக்கு இல்லை. ஆகவே வலிமைக்காக அதிக விலை கொடுக்க வேண்டிய அவசியம் நமக்குக் கிடையாது.

அப்படியானால் விலையுயர்ந்த கோல் தருவதுதான் என்ன? 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒசாகாவில் அகியோ ஷிண்டோ என்ற விஞ்ஞானி உருவாக்கிய கார்பன் இழை, பிற்பாடு இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் விமான ஆராய்ச்சியாளர்களின் கையில் மேலும் உறுதி பெற்று, 1973இல் ஃபென்விக் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் மூலம் தூண்டிற்கோலாக உருவெடுத்தது. கண்ணாடியிழையைக் காட்டிலும் இது கனம் குறைந்தது, விறைப்பு மிகுந்தது. அதனால் நீருக்கடியில் தூண்டில் நரம்பில் ஏற்படும் மிக நுண்ணிய அதிர்வும் கோலின் வழியே ஏறி வந்து உள்ளங்கையை எட்டுகிறது. அந்த உணர்ச்சிக்குத்தான் நாம் விலை கொடுக்கிறோம். மீன் கடித்த செய்தி நமக்குக் கண் வழியாக வருகிறதா, கை வழியாக வருகிறதா என்பதைப் பொறுத்தே அந்த விலை தகுமா தகாதா என்று தீர்மானிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

மண்புழுவைக் கோத்துத் தக்கையை மிதக்கவிட்டுக் காத்திருப்பவருக்குச் செய்தி சொல்வது தக்கை. அது அசைவதையும் அமிழ்வதையும் காண்பது கண். அங்கே ஆயிரம் வெள்ளிக் கோலின் நுண்ணுணர்வு முழுவதும் வீணாகிறது; மூங்கிலே போதும். ஜப்பானில் ஹாஷிமோட்டோ நகரத்துக் கைவினைஞர்கள் பல மாதங்கள் பாடுபட்டு மூங்கிலைக் கொண்டே ஆக்குகிற கிஷு கோல்களும், தக்கை போட்டு ஹெராபுனா என்னும் கெண்டையினத்து மீனைப் பிடிப்பதற்கானவையே. அவற்றுக்குப் பெரும் விலை உண்டு. எனினும் அது ஒரு கலைப்பொருளின் விலை. மீனைக் கூடுதலாகப் பெறுவதற்கென்று எவரும் அதைக் கொடுப்பதில்லை. அழகுக்காகவே கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுப்பவரை நான் குறை சொல்லமாட்டேன்.

கோத்தா திங்கிக்கு அப்பால் தெளிந்த ஓடைகளில், ஒன்றிரண்டு கிராம் எடையுள்ள செயற்கை இரையை வீசிச் சிறு செபரா மீனைத் தேடும் இளைஞர்களின் நிலை வேறு. கனமான கோலால் அவ்வளவு இலேசான இரையை எறியவே முடியாது, எறிந்த பிறகு தக்கையின் உதவியும் இல்லை, விரல்தான் எல்லாம். அவர்களுக்குக் கார்பன் கோல் அவசியம். ஆனால் நூற்றைம்பதிலிருந்து இருநூற்றைம்பது வெள்ளிக்குள் கிடைக்கும் நடுத்தரக் கோலே அந்தத் தேவையைத் திருப்தியாகப் பூர்த்தி செய்துவிடும். அதற்கு மேலே விலை ஏற ஏறக் கோலின் சுவர் மெலிந்து, விறைப்புக் கூடி, மோட்டார் சைக்கிளில் கட்டிச் செல்லும்போது எங்கேனும் ஒருமுறை இடித்துக்கொண்டால் மறுநாள் காரணம் தெரியாமல் முறிகிற சுபாவமும் கூடுகிறது. தூண்டில் சாதனங்கள் செய்யும் ஜப்பானிய நிறுவனமான ஷிமானோவின் தொழிற்சாலை நம் பெக்கான் நானாஸிலேயே இருக்கிறது. நல்ல பொருள் வெகுதூரத்திலிருந்துதான் வர வேண்டுமென்ற எண்ணம் நமக்குத் தேவையில்லை.

மிச்சப்படும் பணத்தை நரம்பிலும் முள்ளிலும் போடலாம். செப்பாட்டின் வாய் மிகச் சிறிது. முள் பெரிதாயிருந்தால் இரையை அரித்துத் தின்றுவிட்டுப் போய்விடும். தடித்த நரம்பும் தெளிந்த நீரில் மீனை விலக்கிவிடும். மெல்லிய நரம்பும் சிறிய கூரிய முள்ளும் செய்யும் உபகாரத்தை எந்தக் கோலும் செய்வதில்லை. நீரே கெட்டுப்போனால் இவற்றாலும் ஆவதொன்றில்லை. 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் சட்டவிரோதமாகக் கொட்டப்பட்ட ரசாயனக் கழிவினால் ஆயிரக்கணக்கானோர் நோயுற்று, 111 பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டதை நாம் மறக்கலாகாது. முன்போல் மீன் கிடைக்கவில்லையே என்று புதுக் கோல் வாங்கப் புறப்படுகிறவர், தம் வீட்டருகேயுள்ள வாய்க்காலில் என்ன வந்து கலக்கிறது என்பதை முதலில் போய்ப் பார்க்க வேண்டும்.

பேரப்பிள்ளைக்கு முதல் கோல் வாங்கித் தருகிற தாத்தாமார்களுக்கு ஒன்று சொல்வேன்: கண்ணாடியிழைக் கோலையே வாங்குங்கள். அது வளையும், கீழே விழும், மிதிபடும், எளிதில் முறியாது. மேலும், கார்பன் இழை மின்சாரத்தைக் கடத்தும் வஸ்து. நம் தோட்டங்களில் வாய்க்காலுக்கு மேலேயே மின்கம்பி செல்லும் இடங்கள் உண்டு; பிற்பகலில் இடிமழை வராத வாரமும் இங்கே அபூர்வம். நனைந்துவிட்டால் கண்ணாடியிழையையும் மூங்கிலையும்கூட நம்புவதற்கில்லை. ஆதலால் கம்பிக்குக் கீழே எந்தக் கோலையும் உயர்த்தக் கூடாதென்றும், முதல் இடி கேட்டவுடனேயே கோலைக் கீழே போட்டுவிட்டுக் கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போய்விட வேண்டுமென்றும், முள்ளில் புழுக் கோக்கக் கற்றுக்கொடுப்பதற்கு முன்பே அந்தக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுங்கள்.