நினைவாற்றலுக்கு மாத்திரை தேடும் பிள்ளைகளுக்கு



உயர்தரப் பரீட்சை நெருங்கினால் மஸ்கெலியாவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் லயத்து விளக்குகள் அணைய நடுச்சாமம் ஆகிவிடுகிறது. அம்மா கொழுந்து பறித்துச் சேர்த்த காசில் டியூசனுக்குப் போன பிள்ளை, எப்படியாவது பல்கலைக்கழகத்துக்குப் போய்விட வேண்டும் என்று கண்விழித்துப் படிக்கிறது. மலையகத்தில் விஞ்ஞானப் பிரிவு உள்ள பாடசாலைகள் குறைவு. கணிதமும் விஞ்ஞானமும் படிப்பிக்க ஆசிரியர் கிடைப்பது அதைவிடக் கடினம். இந்த நெருக்கடியில் இருக்கும் ஒரு பிள்ளை, "படித்தது மனதில் நிற்க மாத்திரை இருக்கிறதாமே?" என்று கேட்டால் அதைக் குற்றமாக நான் பார்க்க மாட்டேன். ஆனால் அந்தக் கேள்விக்கு நேரான பதில் சொல்லியாக வேண்டும்.

அப்படிப் பேசப்படும் மாத்திரைகளில் முக்கியமானவை மூன்று. ரிட்டலின் என்ற பெயரில் அறியப்பட்ட மெத்தில்ஃபெனிடேட், ஆம்ஃபெட்டமின் வகை மருந்துகள், மொடாஃபினில். முதல் இரண்டும் ஏடிஎச்டி என்னும் கவனக்குறைபாடு உள்ளவர்களுக்கானவை. மூன்றாவது, பகலில் அடக்க முடியாமல் தூக்கம் வந்து விழும் நோய்க்கானது. வைத்தியர் பரிசோதித்துக் கொடுத்திருந்தால் இவை நல்ல மருந்துகள். அப்படி மருந்து எடுக்கும் பிள்ளையின் பெற்றோர் இதைப் படித்துவிட்டு அதை நிறுத்திவிடக் கூடாது. நான் பேசுவது நோய் இல்லாதவர்கள் இவற்றை விழுங்குவதைப் பற்றி மட்டுமே.

இந்த ஆசை புதியதல்ல. 1944இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில், சீபா நிறுவனத்தின் வேதியியலாளர் லியாண்ட்ரோ பனிசோன் மெத்தில்ஃபெனிடேட்டை உருவாக்கினார். அதைச் சாப்பிட்டுப் பார்த்த அவருடைய மனைவி, டென்னிஸ் ஆட்டம் மேம்பட்டதாகச் சொன்னார். ரீட்டா என்ற அவருடைய செல்லப் பெயரிலிருந்தே ரிட்டலின் என்ற பெயர் வந்தது. நோயில்லாதவரும் இதனால் பலன் பெறலாம் என்ற நம்பிக்கை அன்று முதலே இந்த மருந்தோடு சேர்ந்து வந்திருக்கிறது.

அந்த நம்பிக்கையை 2023இல் மெல்பேர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். 18 முதல் 35 வயது வரையான, நோயில்லாத 40 பேருக்கு இந்த மூன்று வகை மருந்துகளையும் மருந்தில்லாத வெற்று மாத்திரையையும் வெவ்வேறு நாட்களில் கொடுத்தார்கள். எது எந்த நாளில் என்று அவர்களுக்குத் தெரியாது. ஒரு பைக்குள் எடை வரம்பு மீறாமல், அதிக மதிப்பு வரும்படி பொருட்களைத் தெரிந்தெடுத்து அடுக்க வேண்டும் என்பது போன்ற கணக்குகளைச் செய்யச் சொன்னார்கள். மருந்து எடுத்த நாட்களில் அவர்கள் அதிக நேரம் எடுத்தார்கள், பொருட்களை அதிகத் தடவை மாற்றி மாற்றி வைத்தார்கள். விடையின் தரமோ குறைந்தது. வெற்று மாத்திரை எடுத்த நாளில் சராசரிக்கு மேலே நின்றவர்களில் பலர், மருந்து எடுத்த நாளில் சராசரிக்குக் கீழே போனார்கள்.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தினர் 2013இல் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. ஆம்ஃபெட்டமின் எடுத்த ஆரோக்கியமானவர்களின் திறமையில் பெரிய மாற்றம் இல்லை. ஆனால் தாங்கள் நன்றாகச் செய்ததாக அவர்கள் நம்பினார்கள். என் கவலையே இதுதான். மாத்திரை பிள்ளைக்கு அறிவைக் கொடுப்பதில்லை, அறிவு கூடிவிட்டது என்ற நினைப்பைக் கொடுக்கிறது. அந்த நினைப்போடு பரீட்சை மண்டபத்துக்குள் போவது ஆபத்து.

உடம்புக்கு வரும் கேடும் சிறியதல்ல. இதயம் வேகமாகத் துடிக்கும், இரத்த அழுத்தம் ஏறும், பசி அடங்கும், தூக்கம் கெடும், பதற்றம் கூடும். சிலருக்கு இல்லாதது கேட்கும், சந்தேகம் பிடிக்கும். இதயத்தில் கண்டுபிடிக்கப்படாத கோளாறு இருந்தால் உயிருக்கே ஆபத்து. மொடாஃபினில் அரிதாகச் சிலருக்கு உயிரைப் பறிக்கக்கூடிய தோல் ஒவ்வாமையைக் கொண்டுவரும். பழக்கமாகி விடமுடியாமல் போகும் அபாயம் இருப்பதால் மெத்தில்ஃபெனிடேட், ஆம்ஃபெட்டமின் இரண்டும் 1971ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையில் கடும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளன. வைத்தியரின் துண்டு இல்லாமல் கைக்கு வரும் மாத்திரைக்குள் உண்மையில் என்ன இருக்கிறது என்பதும் யாருக்கும் தெரியாது.

"நாம் குடிக்கும் பிளேன்டீயும் மூளையை உசுப்பத்தானே செய்கிறது?" என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் ஒரு கோப்பையில் உள்ள கஃபீன் ஏறக்குறைய 30 முதல் 50 மில்லிகிராம். அந்த அளவு களைப்பைச் சற்று மறைக்கும், அவ்வளவே. அதையும் இரவு பத்து மணிக்குமேல் குடித்தால் தூக்கம் கெடும். பகலில் படித்ததை மூளை நிலைநிறுத்துவது உறக்கத்தில்தான். உறக்கத்தை விற்றுப் படித்த பாடம் மறுநாள் கைகொடுக்காது.

எங்கள் பிள்ளைகளின் கவனம் சிதறக் காரணங்கள் வேறு. காலையில் வெறும் வயிற்றோடு பாடசாலைக்கு நடப்பது ஒன்று. இரும்புச்சத்துக் குறைந்து இரத்தசோகை வருவது இன்னொன்று. தோட்டப்புறத்தில் இது பழைய நோய், கவனத்தையும் நினைவையும் நேரடியாகப் பாதிப்பது. கரும்பலகை தெரியாமல் கண்ணாடி இல்லாமல் உட்கார்ந்திருப்பது, ஒரே காம்பராவில் எல்லோரும் படுப்பதால் உறக்கம் கெடுவது, தோற்றால் வீட்டார் முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயம், இவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இவற்றில் ஒன்றையும் அந்த மாத்திரை தீர்க்காது. பசியை அடக்கித் தூக்கத்தைக் கெடுத்து, இருக்கும் குறையைப் பெருக்கும்.

ஆகவே பெற்றோரே, பிள்ளைக்குப் படிப்பில் மனம் நிற்கவில்லை என்றால் முதலில் மஸ்கெலியா வைத்தியசாலைக்கோ டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கோ கூட்டிப்போய் இரத்தமும் கண்ணும் பார்க்கச் சொல்லுங்கள். கவனக்குறைபாடு என்று சந்தேகம் இருந்தால் உளநல வைத்தியரிடம் அனுப்பும்படி கேளுங்கள். ஒரு பிள்ளைக்குக் கொடுத்த மாத்திரையை இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். ஆசிரியர்களே, வகுப்பில் தூங்கும் பிள்ளையை அதட்டுமுன் காலையில் சாப்பிட்டதா என்று கேளுங்கள்.

பரீட்சை எழுதும் பிள்ளைகளே, மனம் தாங்கவில்லை என்றால் 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கு அழைத்துப் பேசுங்கள். உதவி கேட்பதில் வெட்கம் இல்லை. இந்த மலையில் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப்படாத தலைமுறைகள் இருந்தன. அவர்களின் பேரப்பிள்ளைகள் நீங்கள் இவ்வளவு தூரம் வந்தது உங்கள் சொந்த மூளையால்தான். அதற்கு வேளைக்குச் சோறும் இரவில் உறக்கமும் கொடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்