கால் மாறிப்போன நடராஜர்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

போன வெள்ளிக்கிழமை அன்னதானம் முடிஞ்சு, பாத்திரமெல்லாம் கழுவி வெச்ச பிறகு இளைஞர் பகுதி தம்பிங்க ஒரு விளையாட்டு ஆரம்பிச்சாங்க. நிஜப் படம் ஒண்ணு, ஏஐ வரைஞ்சது ஒண்ணு, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்கிறது. முதல்ல பத்துமலை. 140 அடி முருகன் வந்துட்டார், ஆனா கையில இருந்தது வேலா சூலமான்னு தெரியல. படிக்கட்டு மலையைச் சுத்தி எங்கேயோ போகுது. வருஷா வருஷம் 272 படி ஏறுற நம்மகிட்ட அது எடுபடுமா? அடுத்து பழனி ஆண்டவரைக் கேட்டாங்க. கோவணத்தோட தண்டம் ஏந்தி நிற்கிறவருக்கு கிரீடம், நகை, போதாததுக்கு ஜிம் உடம்பு! "ராஜ அலங்காரம் அண்ணே"ன்னு ஒரு தம்பி சமாளிச்சான். நானும்தான் வயிறு வலிக்கச் சிரிச்சேன். அதுல தப்பு ஒண்ணும் இல்ல.

மூணாவதா வந்தது நடராஜர். ரொம்ப அழகு. யாருக்கும் குறை தெரியல. நடை சாத்திட்டு வந்த குருக்கள் ஐயா எட்டிப் பார்த்துட்டு, "கால் மாறியிருக்கே"ன்னு சொன்னார். அப்பதான் பார்த்தோம். வலது கால் முயலகன் மேல ஊன்றி, இடது கால் தூக்கி ஆடுறதுதான் நாம கும்பிடுற உருவம். இதுல தலைகீழ்.

மதுரை வெள்ளியம்பலத்துல சுவாமி வலது கால் தூக்கி ஆடுறார். ஆனா அதுக்குக் காரணம் உண்டு. நாட்டியம் கத்துக்கிட்ட பாண்டியன், ஒரே காலில் நின்னு ஆடுறது எவ்வளவு வலின்னு உணர்ந்து, கால் மாத்தி ஆடுங்க சுவாமின்னு அழுது வேண்டிக்கிட்டானாம். நம்ம கதையில சுவாமி கால் மாத்துறதுக்கு ஒரு பக்தனோட கண்ணீர் வேண்டியிருந்துச்சு. இங்க யார் கேட்டு மாறிச்சு?

இதோட முடிஞ்சிருந்தா நான் எழுதியிருக்க மாட்டேன். அந்தப் படம் ராத்திரியே வாட்சாப் குரூப்ல போயிடுச்சு. காலையில பசியாறிக்கிட்டு இருக்கேன், நம்ம கோயில் பாட்டி ஒருத்தர் போன் பண்ணி, "தம்பி, அதைப் பெருசா பிரிண்ட் எடுத்துக் குடு, சாமி ரூம்ல மாட்டணும்"னு கேட்கிறாங்க. அன்னிக்கு சாயங்காலமே நிர்வாகத்துல ஒரு பேச்சு: இந்த வருஷ திருவிழா பேனருக்கு ஏஐ அம்மன் படம் போட்டா செலவு மிச்சம்.

காலண்டர் படமும் ஒருத்தர் கற்பனைதானேன்னு ஒரு அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி. கோவில்பட்டி கொண்டைய ராஜு மாதிரி ஓவியர்கள் வரைஞ்சு அச்சான படங்களைத்தான் நம்ம பெரியவங்க கும்பிட்டாங்க. ஆனா அந்தப் படத்துக்கு வரைஞ்ச ஆள்னு ஒருத்தர் இருந்தார். எந்தக் கையில எது இருக்கணும்னு யோசிச்சு வரைஞ்சார். தப்புன்னா அவரைக் கேட்கலாம். இதுக்கு யாரைக் கேட்கிறது?

அந்த ஏஐ அம்மனையும் பார்த்தேன். வெள்ளை வெளேர்னு சினிமா நடிகை மாதிரி முகம். நம்ம அம்மன் கருங்கல், ஐயா! எண்ணெய்க்காப்பு முடிஞ்சு தீபம் காட்டும்போது அந்தக் கறுப்புல தெரியிற கண்ணைப் பார்க்கத்தானே வர்றோம். நம்ம கோயில் வாசல்ல வேற யாரோ முகத்தை ஏன் மாட்டணும்?

விளையாடுங்க, வேணாம்னு சொல்லல. குரூப்ல போடும்போது 'ஏஐ படம்'னு படத்து மேலேயே எழுதிடுங்க. பேனருக்கும் பத்திரிகைக்கும் உற்சவ அம்மன் போட்டோ போதும். குருக்கள் ஐயா சரின்னுட்டார், கேமரா வெச்சிருக்கிற தம்பி ஒருத்தர் சும்மாவே எடுத்துத் தர்றேன்னு சொல்லியிருக்கார். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துல இதைப் பேசப்போறேன், முடிஞ்சவங்க வாங்க.

பாட்டிகிட்ட விஷயத்தைச் சொன்னேன். "அப்ப காலையில நான் கும்பிட்டது சாமி இல்லையா?"ன்னு கேட்டாங்க. எனக்கு வாய் அடைச்சுப்போச்சு. நம்ம உற்சவ அம்மன் படம் ஒண்ணு ஃபிரேம் போட்டு வெச்சிருக்கேன், இந்த வெள்ளிக்கிழமை வந்தா குடுக்கணும்.