இரண்டு பேட்டரிகளின் தலையில் ஏற்றிய சுமை

கைத்தொழில் கற்போம்

கிள்ளானிலிருந்து ஓர் அம்மா நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக் கொண்டிருக்கிறார். கடிதத்தின் சுருக்கம் இது:

“ஐயா, நானும் என் கணவரும் தோட்டத்தில் பால் வெட்டியவர்கள். தோட்டத்தை விற்று வீடுகள் கட்டிய பிறகு கிள்ளானுக்கு வந்து விட்டோம். மூத்த மகன் ஒரு கோல்ப் கிளப்பில், பக்கி வண்டிகளைப் பார்த்துக் கொள்ளும் கொட்டகையில் வேலை செய்கிறான். இருட்டிய பிறகும் ஓட்டுவதற்காகச் சில வண்டிகளுக்கு விளக்கும் ஹார்னும் போடச் சொன்னார்கள். அங்கிருந்த பழைய ஆள் காட்டிக் கொடுத்தபடியே போட்டான். நன்றாகத்தான் எரிந்தது. சில மாதங்கள் கழித்து ஒவ்வொரு வண்டியிலும் இரண்டிரண்டு பேட்டரிகள் செத்துப் போயின. ‘நீ கை வைத்த வண்டிகள்தாம் கெட்டன, சம்பளத்தில் பிடிப்போம்’ என்கிறார்கள். என் மகன் தப்புச் செய்து விட்டானா? இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடக் கூட இல்லை.”

அம்மா, உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. ‘ஒவ்வொரு வண்டியிலும் இரண்டிரண்டு’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் விடை. உங்கள் மகனுக்கு மட்டுமல்ல, இந்த வேலைக்குப் போகும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பயன்படட்டும் என்று விவரமாகவே எழுதுகிறேன். இந்தப் பக்கத்தைத் தம்பியிடம் கொடுங்கள்.

ஆறு பேர் தூக்கும் மரம்

கோலாலம்பூரில் 1893ஆம் ஆண்டிலேயே சிலாங்கூர் கோல்ப் கிளப் தொடங்கி விட்டது. அப்போது பக்கி வண்டி கிடையாது. ஜோர்ஜியா மாநிலத்து ஒகஸ்டா நகரில், கோல்ப் வண்டி செய்வதற்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கியது 1954இல்தான். இன்று கிள்ளான் பள்ளத்தாக்கில் கோல்ப் திடல் இருக்கும் இடங்களெல்லாம் பக்கி கொட்டகைகளும் இருக்கின்றன. ஷா ஆலமிலுள்ள கிளன்மேரியும் ஒரு காலத்தில் தோட்டம்தான். அப்பா வேலை செய்த மண்ணில் மகன் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவது நம் குடும்பங்களில் புதுமையல்ல.

மின்சாரப் பக்கியின் இருக்கையைத் தூக்கினால் பேட்டரிகள் வரிசையாக இருக்கும். பழைய வகை வண்டிகளில் 6 வோல்ட் பேட்டரிகள் ஆறு. மொத்தம் 36 வோல்ட். பிற்கால வண்டிகள் பலவற்றில் 8 வோல்ட் பேட்டரிகள் ஆறு, அல்லது 12 வோல்ட் பேட்டரிகள் நான்கு. மொத்தம் 48 வோல்ட். ஒன்றின் பாசிட்டிவ் முனையை அடுத்ததன் நெகட்டிவ் முனையோடு சேர்த்துச் சங்கிலி போலக் கோத்திருப்பார்கள்.

விளக்குக்கும் ஹார்னுக்கும் வேண்டியது 12 வோல்ட். “இரண்டு 6 வோல்ட் சேர்ந்தால் 12 ஆயிற்றே, அங்கிருந்தே வயரை இழுத்து விடு” என்று சொல்லத் தோன்றும். பழைய ஆள் காட்டிக் கொடுத்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும். கணக்கு சரிதான், வேலைதான் பிழை.

விழுந்த மரத்தை ஆறு பேர் தோளில் தூக்கிப் போகிறார்கள் என்று வைத்துக் கொள்வோம். அவர்களில் இருவர் முதுகில் மட்டும் ஆளுக்கொரு அரிசி மூட்டையைக் கட்டி விட்டால் என்ன ஆகும்? முதலில் விழுவது அந்த இருவர்தான். வண்டி ஓடும்போது ஆறு பேட்டரிகளும் சமமாக உழைக்கின்றன. விளக்கு எரியும்போது இரண்டு மட்டும் கூடுதலாக உழைக்கின்றன.

இரவில் சார்ஜர் போடும்போது நிலைமை இன்னும் மோசமாகிறது. சங்கிலியாகக் கோத்திருப்பதால் ஆறுக்கும் ஒரே அளவு மின்னோட்டம்தான் போகும். சார்ஜர் மொத்த வோல்ட்டை மட்டுமே பார்த்து, போதும் என்று நிறுத்தி விடும். அப்போது அந்த இரண்டும் அரை வயிறு. மற்ற நான்கும் அளவுக்கு மீறிக் குடித்துத் தண்ணீர் வற்றிக் கிடக்கும். நிறையாமலே கிடக்கும் பேட்டரியின் ஈயத் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டியாகப் படிந்து விடும். அதன் பிறகு எவ்வளவு சார்ஜ் செய்தாலும் அது பழைய நிலைக்குத் திரும்பாது.

சரியான முறை என்ன?

ரிடியூசர் என்று ஒரு சிறு பெட்டி கடையில் கிடைக்கிறது. அதன் உள்முனைகளை முதல் பேட்டரிக்கும் கடைசிப் பேட்டரிக்கும், அதாவது மொத்தச் சங்கிலியின் இரு கோடிகளுக்கும் கொடுக்க வேண்டும். 36 அல்லது 48 வோல்ட்டை வாங்கி 12 வோல்ட்டாக வெளியே தரும். ஆறு பேட்டரிகளும் சுமையைப் பங்கு போட்டுக் கொள்ளும்.

எந்த அளவு ரிடியூசர் வாங்குவது? வாட்டை வோல்ட்டால் வகுத்தால் அம்பியர். முன்விளக்கு 35 வாட் வீதம் இரண்டு 70. பின்விளக்கு 5 வீதம் இரண்டு 10. பிரேக் விளக்கு 21 வீதம் இரண்டு 42. ஹார்ன் ஏறக்குறைய 48. கூட்டினால் 170 வாட். 12ஆல் வகுத்தால் 14 அம்பியருக்குச் சற்று மேல். ஆகவே 20 அம்பியர் ரிடியூசர் போதும். எல்இடி விளக்கானால் இன்னும் குறைவு.

அடுத்தது பியூஸ். ரிடியூசருக்குப் போகும் பாசிட்டிவ் வயரில், பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பியூஸ் இருக்க வேண்டும். பியூஸுக்கு முன்னால் இருக்கும் வயர் உரசித் தோல் போனால் காப்பாற்ற ஆளில்லை; அந்த இடத்தில் தீப்பிடிக்கும். 12 வோல்ட் பக்கத்தில் விளக்குக்கு ஒரு பியூஸ், ஹார்னுக்கு ஒரு பியூஸ் எனத் தனித்தனியாகப் போட்டால் ஒன்று போனாலும் மற்றது வேலை செய்யும்.

காரில் வேலை பழகிய பிள்ளைகள் நெகட்டிவ் வயரைப் பக்கத்திலிருக்கும் இரும்பில் முறுக்கி விடுவார்கள். பக்கியில் அது கூடாது. பக்கியின் பேட்டரி வரிசையை வண்டிச் சட்டத்தோடு இணைப்பதில்லை. ஆகவே ஒவ்வொரு விளக்குக்கும் போக ஒரு வயர், திரும்பி வர ஒரு வயர் என்று இரண்டு இழுக்க வேண்டும்.

ரிலே என்பது கங்காணியின் விசில்

‘சுவிட்ச் இருக்கும்போது ரிலே எதற்கு?’ என்று பலர் கேட்பதுண்டு. கங்காணி விசில் ஊதுகிறார். மரத்தைத் தூக்குவது ஆட்கள். விசில் ஊத அதிக பலம் வேண்டாம். ரிலேயும் அப்படித்தான். உள்ளே ஒரு செம்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. சுவிட்சைப் போட்டால் கால் அம்பியருக்கும் குறைவான மின்சாரம் அதில் ஓடும். சுருள் காந்தமாகி ஒரு தகட்டை ‘டிக்’ என்று இழுக்கும். தகடு சேர்ந்ததும் விளக்குக்கு வேண்டிய பெரிய மின்னோட்டம் வேறு வழியாகப் பாயும். சிறு சுவிட்ச் சூடாகாது, உருகாது.

அமெரிக்க விஞ்ஞானி ஜோசப் ஹென்றி 1835இல் செய்து காட்டியது இந்த வித்தைதான். பின்னர் தந்திக்கும் இரயில் சிக்னலுக்கும் அதுவே உதவியது. இரயில்வே குடும்பங்கள் நிறைந்திருந்த பிரிக்பீல்ட்ஸில் அந்த ‘டிக்’ சத்தத்தைக் கேட்டுப் பழகிய பெரியவர்கள் உண்டு.

ரிலேயின் கால்களில் எண் போட்டிருக்கும். 85, 86 சுருளுக்கு. அதாவது சுவிட்ச் பக்கம். 30இல் பியூஸிலிருந்து வரும் பாசிட்டிவ். 87 விளக்குக்குப் போவது. பழுது பார்க்கும்போதும் இதுதான் வழிகாட்டி. ‘டிக்’ கேட்டும் விளக்கு எரியவில்லையென்றால் பழுது 30, 87, பல்பு பக்கம். ‘டிக்’ கேட்கவே இல்லையென்றால் முதலில் சுவிட்ச், சுருள் பக்கம் தேட வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. வண்டியின் சாவி சுவிட்சில் பல வண்டிகளில் முழு 36 அல்லது 48 வோல்ட் இருக்கும். அதை 12 வோல்ட் ரிலேக்குக் கொடுத்தால் சுருள் கருகி விடும். வீட்டுச் சுவரில் போடும் சுவிட்சையும் இங்கே போடாதீர்கள். பேட்டரி மின்சாரத்தில் தீப்பொறி எளிதில் அணையாது. நேர் மின்னோட்டத்துக்கு இத்தனை வோல்ட், இத்தனை அம்பியர் என்று எழுதியிருப்பதையே வாங்குங்கள். நம் ஊர் மழைக்கு ரிலேயின் கால்கள் கீழ் நோக்கி இருக்க வேண்டும். வயரைச் சற்றுத் தொங்க விட்டு மேலேற்றினால் தண்ணீர் வளைவிலேயே சொட்டிப் போகும்.

கை வைக்கும் முன்

சாவியை எடுத்து விடுங்கள். ஓட்டம், இழுவை என்று மாற்றும் சுவிட்ச் இருந்தால் இழுவையில் வையுங்கள். பிறகு பேட்டரி வரிசையின் முதன்மை நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். மோதிரம், காப்பு, சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். ஸ்பேனர் பிடியில் டேப் சுற்றுங்கள். இரண்டு முனைகளுக்கு நடுவே ஸ்பேனர் விழுந்தால் பழுக்கக் காய்ந்து விரலைத் தீய்த்து விடும். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வரும். பக்கத்தில் சிகரெட் கூடாது. ஆசிட் கண்ணில் பட்டால் நல்ல தண்ணீரால் விடாமல் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இனி, அம்மாவுக்கு

உங்கள் மகன் செய்த வேலையில் பிழை இருக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அது திருட்டோ அலட்சியமோ அல்ல. காரணம் சொல்லித் தராமல் கையை மட்டும் பழக்கியதால் வந்த பிழை. அப்படிச் செய்யச் சொன்னவர்களுக்கும் அதில் பங்குண்டு.

சம்பளத்தில் பிடிப்பது வேறு விஷயம். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, சம்பளத்தில் எவற்றைப் பிடிக்கலாம் என்று வரையறுத்திருக்கிறது. முதலாளி தம் இஷ்டத்துக்குப் பிடிக்க முடியாது. ‘பிடித்துக் கொள்ளலாம்’ என்று எந்தத் தாளிலும் தம்பி கையெழுத்துப் போட வேண்டாம். சம்பளச் சீட்டுகளை எடுத்துக் கொண்டு தொழிலாளர் இலாகாவில் முதலில் கேட்கச் சொல்லுங்கள்.

அதற்கு முன், தம்பி மேற்பார்வையாளரிடம் நேரே போய், “ஐயா, இரண்டு பேட்டரிகளில் மட்டும் வயர் எடுத்ததால் இப்படி ஆயிற்று. மற்ற வண்டிகளும் கெடுவதற்குள் ரிடியூசர் போட்டு மாற்றித் தருகிறேன்” என்று சொல்லட்டும். காரணம் சொல்லத் தெரிந்த ஆளின் பேச்சுக்கு எந்தக் கொட்டகையிலும் மதிப்பு உண்டு.

முறையாகப் படிக்கவும் வழி இருக்கிறது. ஷா ஆலமிலுள்ள மோன்ட்ஃபோர்ட் போய்ஸ் டவுன் 1959 முதல் வசதியற்ற பிள்ளைகளுக்குத் தொழில் கற்றுக் கொடுத்து வருகிறது. கோலாலம்பூர் கூச்சாய் லாமாவில் அரசாங்கத்தின் தொழிற்பயிற்சிக் கழகம் இருக்கிறது. எஸ்.கே.எம். என்னும் மலேசியத் திறன் சான்றிதழ் கையிலிருந்தால், ‘யாரோ காட்டிக் கொடுத்தார்’ என்று சொல்லும் நிலை வராது.

இரண்டு பேட்டரிகளின் மேல் மட்டும் சுமையை ஏற்றியது தம்பியின் பிழை. இப்போது மொத்தப் பழியையும் அவன் ஒருவன் தலையில் ஏற்றுவதும் அதே மாதிரிப் பிழைதான். அவனை இன்று சாப்பிடச் சொல்லுங்கள், அம்மா. நாளை வேலைக்குப் போகட்டும்.