பாதிச் சர்க்கரை போதுமா?

முதல்லயே சொல்லிடறேன்: நம்ம ஊர்ல வீட்டில் பீர் காய்ச்சுவது சட்டப்படி குற்றம். ஹாஸ்டல் ரூம்ல யாரும் முயற்சி பண்ணிடாதீங்க. எனக்கு வேண்டியது அதில் இருக்கும் ஒரு கணக்கு மட்டும்.

போன செமஸ்டர் நொதித்தல் பாடத்துக்கு செமினார் தயார் பண்ணப்போ கண்ணில் பட்டது இது. அமெரிக்காவில் வீட்டு பீருக்கு இருந்த மத்திய அரசின் தடையை, 1978-ல் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் நீக்கியது. இன்று அங்கே அது பெரிய பொழுதுபோக்கு. நொதித்து முடிந்த பீரில் கொஞ்சம் சர்க்கரை சேர்த்து இறுக்கி மூடினால், மிச்சமிருக்கும் ஈஸ்ட் அதைத் தின்று கார்பன் டை ஆக்சைடு விடும். வெளியேற வழியில்லாததால் வாயு பீரிலேயே கரையும். பாட்டிலிலும் செய்யலாம், கெக் எனப்படும் 19 லிட்டர் எஃகுப் பீப்பாயிலும் செய்யலாம்.

இங்கேதான் ஒரு விதி வருது: "கெக்குக்கு, பாட்டிலுக்குப் போடுவதில் பாதிச் சர்க்கரை போதும்." ஏன்? கெக்கில் காலி இடம் குறைவாம்.

சரி, பேப்பரை எடுங்க. ஒரு லிட்டர் பீரில் 2.4 லிட்டர் வாயு கரைந்திருக்கணும். 20 டிகிரியில் நொதித்த பீரில் ஏற்கெனவே சுமார் 0.85 லிட்டர் இருக்கும். மீதி 1.55. 19 லிட்டருக்குக் கிட்டத்தட்ட 58 கிராம் வாயு. 342 கிராம் சர்க்கரை 176 கிராம் வாயு தரும். ஆக, சுமார் 112 கிராம் சர்க்கரை வேணும். காலி இடம் ஒரு லிட்டர் என்றே வைத்துக்கொண்டாலும், அதை நிரப்ப இன்னும் 10 கிராம் போதும். அந்த இடமே இல்லாவிட்டாலும் மிச்சம் அந்த 10 கிராம்தான். பாதி எப்படிக் குறையும்?

அப்புறம் எப்படி இந்த விதி இத்தனை நாள் தாக்குப்பிடிக்குது? என் கருத்து இது: கெக்கிலிருந்து பீர் ஊற்ற வாயு சிலிண்டர் மாட்டுவாங்க. குளிர்ந்த பீரில் அந்த அழுத்தம் சில நாள் இருந்தாலே குறைந்த வாயு தானாக ஏறிடும். தப்பை சிலிண்டர் சத்தமில்லாமல் திருத்திவிடுது. பாராட்டு விதிக்குப் போயிடுது.

இதில் என்ன பெரிய நஷ்டம்னு கேட்கலாம். யாராவது இதே விதியைத் திருப்பிப் போட்டால்? கெக்குக்கு 112 கிராம், அப்போ பாட்டிலுக்கு 224 என்று முடிவு பண்ணினால், வாயு 2.4-க்குப் பதிலா 4-ஐ நெருங்கும். கெக்கில் அழுத்தத்தை விடுவிக்க வால்வு உண்டு. கண்ணாடி பாட்டிலுக்கு அது கிடையாது. சாதாரண பீர் பாட்டில் வெடிக்கலாம். பக்கத்தில் நிற்பவர் முகத்தில்தான் சில்லு பாயும்.

நம்ம லேப் ரெக்கார்டுகளிலும் இப்படிப் பல "பாதி"கள் இருக்கு. சீனியர் 0.5-னு போட்டிருந்தார், நானும் போட்டேன். வைவாவில் யாரும் கேட்கலை, மார்க் வந்திடுச்சு. அந்த 0.5 எங்கிருந்து வந்ததுன்னு இன்னிக்கும் எனக்குத் தெரியாது. விதி வேலை செய்யுது என்பதும், அதற்குச் சொல்லப்படும் காரணம் சரி என்பதும் வேறு வேறு. காரணம் தெரியாமல் விதியை இன்னொரு இடத்துக்குத் தூக்கிட்டுப் போனால், அங்கே காப்பாத்த சிலிண்டர் இருக்காது.

அடுத்த முறை ரெக்கார்டு காப்பி பண்றப்போ, ஒரே ஒரு எண்ணுக்காவது "இது ஏன்?"னு கேளுங்க. பத்து நிமிஷக் கணக்குதான்.